டேப்பில் விழும் கருகல்

திருப்பூரில் டி-ஷர்ட்டுக்கு அப்ளிக் துணி வெட்டும் லேசர் மெஷினில் எனக்குப் பிடித்தது வெட்டு அல்ல, அதன் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகளைச் சரிபார்க்கும் வேலை. அதிலிருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர்; 10.6 மைக்ரான் அலைநீளம், கண்ணுக்கே தெரியாது. தெரியாத ஒளியை எப்படிப் பிடிப்பது? கண்ணாடி முன்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, கண்ணிமைக்கும் நேரம் சுடுகிறார்கள். கருகல் விழுகிறது. வெட்டும் தலையைத் தூர மூலைக்குத் தள்ளி இன்னொரு சூடு. இரண்டு கருகலும் ஒரே இடத்தில் உட்காரும்வரை கண்ணாடியின் பின்பக்கத் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று. இப்படி மூன்று கண்ணாடிகள், வரிசை மாறாமல். அவசரக்காரனுக்கு இது ஆகாது. பிறகுதான் துணி: பாலியெஸ்டர் ஓரம் உருகித் தானே அடைத்துக்கொள்ளும், நம்மூர்ப் பருத்தியோ லேசாகப் பழுப்பேறும்.