வெரோனிக்காவும் மருத்துவரின் பொய்யும்

பிரேசில் நாட்டு எழுத்தாளர் பாலோ கொயலோ 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட "வெரோனிக்கா சாக முடிவு செய்கிறாள்" என்னும் புதினம், ஆத்தும விசாரணைப் பணியில் இருப்போர் வாசித்து ஆராயத்தக்க நூலாகும். ஆராயவேண்டும் என்கிறேனேயன்றி, அப்படியே ஏற்கவேண்டும் என்று சொல்லவில்லை.

கதை 1997 நவம்பரில், சுலோவேனியாவின் தலைநகராகிய லியுப்லியானாவில் தொடங்குகிறது. 24 வயதுடைய வெரோனிக்கா நூலகத்தில் பணிபுரிகிறவள். கன்னியர் மடம் ஒன்றில் வாடகை அறையில் வசிக்கிறவள். அவளுக்கு வறுமையில்லை, காதல் தோல்வியுமில்லை. இனி வரும் நாட்களும் கழிந்த நாட்களைப் போலவே இருக்கும். உலகின் கேடுகளுக்கு முன் தன்னால் ஆவது ஒன்றுமில்லை. இவ்விரண்டு எண்ணங்களால் அவள் உயிரை மாய்த்துக்கொள்ள முயலுகிறாள். பிழைத்து, வில்லெட் என்னும் மனநல விடுதியில் கண்விழிக்கிறாள். அவளுடைய இருதயம் பழுதுபட்டுவிட்டதாகவும், சில நாட்களே எஞ்சியிருப்பதாகவும் அங்கே சொல்லப்படுகிறது.

பெருந்துயரமே தற்கொலை எண்ணத்திற்குக் காரணமாயிருக்கும் என்று கருதி, "அப்படி என்ன குறை உனக்கு?" என்று கேட்டுவிடுகிறவர்கள் நம்மில் பலர். குறையொன்றும் இல்லாதவளுக்கும் வாழ்வு சுவையற்றுப் போகக்கூடும் என்பதை இந்நூலின் முதற்பகுதி தெளிவாகக் காட்டுகிறது.

நூலின் சிறந்த பகுதி எடுவர்ட் என்னும் இளைஞனைப் பற்றியது. தூதுவரின் மகனாகிய அவன் ஓவியனாக விரும்புகிறான். பெற்றோரோ அவனைத் தந்தையின் வழியிலேயே நடத்தப் பார்க்கிறார்கள். முடிவில் அவன் விடுதிக்கும் மின்னதிர்ச்சி சிகிச்சைக்கும் உள்ளாகிறான். இதை எழுதியவர் தம் இளமையில் தம் பெற்றோராலேயே மும்முறை மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். ஆயினும் பெற்றோரைக் கொடியவராக அவர் தீட்டவில்லை. அன்பினாலேயே அவர்கள் அதைச் செய்தார்கள் என்பதுதான் வாசகனை அச்சுறுத்துகிறது. (பிரேசிலில் மனநோயாளரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 2001-இல்தான் நிறைவேறியது.)

இனி குறையைச் சொல்லவேண்டும். வெரோனிக்காவின் இருதயத்தில் பழுதே இல்லை. மருத்துவர் இகோர் தம் கொள்கையைச் சோதிக்க, மாரடைப்பின் அறிகுறிகளை மருந்தினால் உண்டாக்கி அவளை ஏமாற்றுகிறார். சாவு அண்மையில் உள்ளதென்னும் உணர்வு வாழும் ஆவலைத் தூண்டும் என்பது அவர் கொள்கை. அது பலிக்கிறது. அவள் இரவில் பியானோ வாசிக்கிறாள், கோபப்படுகிறாள், நேசிக்கிறாள். அவளைப் பார்த்த மற்ற நோயாளிகளும் விழித்தெழுகிறார்கள். நூலின் இறுதிவரை அவளுக்கு உண்மை தெரியாது. விடியும் ஒவ்வொரு நாளையும் அற்புதமென எண்ணிக்கொண்டிருக்கையிலேயே கதை முடிகிறது.

முடியவேண்டிய இடம் அதுதானா? வாரங்கள் கழியும், இருதயம் நிற்காது, ஒருநாள் அவள் உண்மையை அறிவாள். அன்று எல்லா நாளும் ஒரேவிதமான நாளாக மீண்டும் தோன்றினால், அவளைத் தாங்குவது எது? அவ்வினாவின் வாசலில் ஆசிரியர் பேனாவை வைத்துவிடுகிறார். மேலும், ஒரு நோயாளியின் சம்மதமின்றிச் செய்த சோதனையை வெற்றியாகக் கொண்டாடுவது, எடுவர்டின் பெற்றோர் செய்ததை நூலே கண்டித்த நியாயத்திற்கு முரணாகும். அன்பின் பெயரால் செய்த கட்டாயம் தவறு, அறிவியலின் பெயரால் செய்த வஞ்சகம் சரியா?

மரண பயத்தை மூட்டி மனந்திருப்ப முயலும் பிரசங்கியாருக்கும் இகோருக்கும் தூரம் அதிகமில்லை. சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிய எலியாவுக்குக் கிடைத்தது அச்சுறுத்தலன்று. உறக்கமும், அடையும், தண்ணீரும், மறுபடியும் உறக்கமும். பயணம் அவனுக்கு மிகுதி என்று தூதன் ஒத்துக்கொள்ளவும் செய்கிறான்.

மனக்கசப்பை ஒரு நஞ்சாக விளக்கும் இகோரின் கோட்பாடு கற்பனையேயன்றி மருத்துவமன்று. சபையாருக்கு ஆலோசனையாக அதை எடுத்துரைத்தல் ஆபத்து. சோர்வுற்றிருப்பவர் கையில் இந்நூலைத் தனியே கொடுப்பதையும் நான் ஒப்பமாட்டேன். வகுப்பிலோ, எடுவர்டைப் பற்றிய அத்தியாயங்களை மாணவர் உரக்க வாசித்து, பெற்றோரின் பக்கம் நின்றும் ஒருமுறை வாதாடிப் பார்க்கலாம்.