வென்ட்டி: அழிக்க வழி வைக்காத சேமிப்பு

வென்ட்டி என்பது பெல் ஆய்வகத்தில் பிளான் 9 இயங்குதளச் சூழலில் உருவான ஆவணச் சேமிப்பு முறை. ஷான் குவின்லன், ஷான் டோர்வர்ட் இருவரும் 2002-ல் வெளியிட்ட கட்டுரை இதை விளக்குகிறது. தரவு சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு தொகுதியின் உள்ளடக்கத்திலிருந்தும் ஷா-1 முறைப்படி 160 பிட் எண் ஒன்று கணக்கிடப்படுகிறது. அந்த எண்ணே தொகுதியின் முகவரி. ஒரே உள்ளடக்கம் எத்தனை முறை வந்தாலும் முகவரி மாறாது. ஆகவே வட்டில் ஒருமுறைதான் இடம் பிடிக்கும். இதுவே நகல் நீக்கம்.

வென்ட்டியின் வலிமை அதன் எளிமை. படிக்கும்போது எண்ணை மறுபடி கணக்கிட்டு, தரவு சிதைந்துள்ளதா என்று சரிபார்க்கலாம். எழுதியதை யாரும் அழிக்க முடியாது என்பதால் தவறுதலான இழப்பும் இல்லை. இரண்டு கோப்புச் சேவையகங்களின் பத்தாண்டுத் தரவைக் காட்டி, எல்லாவற்றையும் என்றும் வைத்திருக்க முடியும் என்று ஆசிரியர்கள் வாதிடுகிறார்கள்.

ஆய்வகத்தின் ஆவணக் காப்புக்கு இந்த வாதம் பொருந்தும். நாள்தோறும் எடுத்து, குறித்த காலத்துக்குப்பின் கழிக்கப்படும் காப்புப்பிரதிகளுக்குப் பொருந்தாது. 100 ஜிபி உள்ள சேவையகத்தில் நாளுக்கு 1 ஜிபி மாறுவதாகக் கொள்வோம். 30 நாள் பிரதிகள் 3,000 ஜிபி பிடிப்பதற்குப் பதிலாக ஏறத்தாழ 129 ஜிபியில் அடங்கும். ஆனால் மிகப் பழைய பிரதியை நீக்கினால் திரும்பக் கிடைப்பது 100 ஜிபி அல்ல, 1 ஜிபி அளவே. மற்றவை பிந்தைய பிரதிகளுக்கும் பொதுவானவை. அந்த 1 ஜிபியும் உடனே கிடைக்காது. எந்தத் தொகுதி யாருக்கும் தேவையில்லை என்று தேடிக் கண்டுபிடித்த பிறகே இடம் விடுபடும்.

இந்தத் தேடல் எவ்வளவு கடினம் என்பதை டேட்டா டொமைன் சேமிப்பமைப்பு பற்றிய 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டுகிறது. நகல் விகிதம் மிக உயர்ந்தபோதும், சிறு கோப்புகள் பல லட்சமானபோதும், கோப்பு கோப்பாகத் தேடுவது தாங்க முடியாத அளவு மெதுவானது. அதனால் வட்டில் உள்ள வரிசையிலேயே படிக்கும் வேறு முறை தேவைப்பட்டது. நகல் நீக்கம் எவ்வளவு வெற்றி பெறுகிறதோ, துப்புரவு அவ்வளவு சுமையாகிறது.

வென்ட்டி எழுதும் பாதியைத் தெளிவாகத் தீர்த்தது. அழிக்கும் பாதியைக் கொள்கை அளவிலேயே விலக்கிவிட்டது. ஆகவே காப்பு அமைப்பை நகல் விகிதத்தை மட்டும் கொண்டு மதிப்பிடுவது போதாது. நாள்தோறும் புதிதாகச் சேரும் அளவுக்கு ஈடாகத் துப்புரவில் இடம் திரும்புகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். திரும்பவில்லை என்றால், விகிதம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் வட்டு ஒருநாள் நிரம்பிவிடும். அன்றைய காப்புப்பிரதி எடுக்கப்படாமலே போகும்.