இறக்கை வைத்த குதிரையும் திருமலை மான்களும்

சிறுவர் நூல்களுக்குச் சித்திரம் வரைவது பற்றி நம்மவர் கூடிப் பேசும்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில் தட்டி நின்றுவிடுகிறது: உயிருள்ளவற்றை வரையலாமா, கூடாதா? இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அபூதாவூதில் பதிவான ஒரு செய்தியைச் சித்திரக்காரனின் கண்கொண்டும் வாசிக்கலாம் என்பது என் எண்ணம். ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே, துணித் துண்டுகளால் இறக்கை வைத்த குதிரையொன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஸுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று பதில் வந்தது. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

வேடிக்கைப் பாத்திரம் ஒன்று பிறக்கும் விதம் இதற்குள்ளேயே இருக்கிறது. எல்லோரும் அறிந்த ஓர் உடல், அதன்மேல் நடக்கமுடியாத ஒரேயொரு சங்கதி. குதிரை அசல் குதிரையாக இருந்தால்தான் இறக்கை சிரிப்பூட்டும்.

காலிக்கு அருகே கிந்தோட்டையில் 1927இல் பிறந்து 2020இல் மறைந்த சிபில் வெத்தசிங்ஹ வாழ்நாள் முழுவதும் செய்தது இதைத்தான். அவருடைய ‘குட ஹொர’, அதாவது குடைக் கள்ளன், பல மொழிகளுக்குச் சென்ற நூல். குடையையே கண்டிராத கிராமத்தவர்கள் மழைக்கு வாழையிலையையும் சேம்பிலையையும் சாக்கையும் தலையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கிரி மாமா பட்டணம் போய்க் குடை வாங்கிவருகிறார். வழியில் கோப்பி குடிக்க ஒதுங்கும் நேரத்தில் குடை காணாமற் போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடி போகிறது. கள்ளன் ஒரு குரங்கு. பிடிபட்டபின் அதற்கும் ஒரு குடையை மரத்தில் விட்டுவிட்டு வந்து கடை திறக்கிறார் மாமா. இதில் பொய் குரங்கு மட்டுமே. மற்றதெல்லாம் தென்னிலங்கைக் கிராமம். அந்த இலையும் சாக்கும் கண்ணால் கண்டு வரைந்தவை.

நமது நூல்களுக்கு வருவோம். அண்மைய ஆண்டுகளில் என் கைக்கு வந்த சில சிறுவர் பாடல் தொகுதிகளில் (பெயர் வேண்டாம்) புகைபோக்கி வைத்த வீடு, அப்பிள் மரம், வால் புசுபுசுத்த வெளிநாட்டு அணில் எல்லாம் உண்டு. இப்போது கணினியே வரைந்து கொடுக்கும் வழுவழுப்பான முகங்களும் சேர்ந்துவிட்டன. மனிதர் வந்தால் தொப்பி, தாடி, இரு கைகளையும் தொங்கவிட்டு நேரே நிற்கும் நிலை. இதற்கு ஒரு காரணத்தை நான் ஊகிக்கிறேன். 2013ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் 2019க்குப் பின்னரும் நம் தாடியும் உடுப்பும் பிறரின் ஏளனத்துக்குப் பொருளாயின. அதனால் நாம் நம்மையே விறைப்பாக வரையப் பழகிவிட்டோம். விளங்கிக்கொள்ளக்கூடிய பயம்தான். ஆனால் பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறதே!

திருமலைத் துறைமுகப் பக்கம் பிறந்த சித்திரக்காரனுக்குப் பொருளா பஞ்சம்? பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் புள்ளிமான்கள் மாடுகளைப்போல அலைகின்றன. இதுபோல் இன்னொரு பட்டணத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும். மான் லோஞ்சுக்கு டிக்கட் எடுத்து மூதூர் போகட்டும், ஆட்சேபனையில்லை. ஆனால் அது வாழைப்பழத் தோலுக்குக் கழுத்தை நீட்டும்போது முன்கால் எப்படிப் பின்வாங்கத் தயாராக நிற்கிறது என்பதை வரைபவன் முதலில் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவன் வரைவது எந்த நாட்டு மானாகவும் இருக்கும்.

இன்னொன்று. கறுப்பு ஹபாயாவில் நான்கு பெண்களை ஒரே பக்கத்தில் வரையவேண்டும் என்று வையுங்கள். நிறமும் உடுப்பும் உதவாது. சோம்பலான கை நான்கு கறுப்புக் கூம்புகளை நட்டுவிட்டுப் போகும். நல்ல கைக்கோ இதைவிட வாய்ப்பு வேறில்லை. லோஞ்சிலிருந்து துறைக்குக் கால் வைக்கும்போது விளிம்பை ஒரு விரலால் மட்டும் தூக்குகிறவள் மாமி. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தபடி ஒருபக்கம் சாய்கிறவள் உம்மா. மீன் பையை உடம்பிலிருந்து எட்டப் பிடிப்பவள் சாச்சி. யாரையும் பாராமல் நிமிர்ந்து முன்னே போகிறவள் மூத்தம்மா. முகமே தேவையில்லை, நிழலுருவம் போதும். முகம் வரையத் தயங்குகிறவருக்கும் இந்த வழி திறந்தே கிடக்கிறது. கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வருமுன் பாதையில் கடந்த கூட்டத்தை எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்! அதில் ஒரு பக்கமாவது சிறுவர் நூலுக்குள் வந்து நான் காணவில்லை.

சித்திரக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கவிஞர் கையெழுத்துப் பிரதியை அச்சகத்தில் கொடுக்கிறார். பக்கம் அமைக்கும் பையன் இடைவெளியை நிரப்ப எங்கிருந்தோ ஒரு படத்தை எடுக்கிறான். யாரேனும் பாடசாலை ஆசிரியர் வரைந்து கொடுத்தாலும் நூல் வெளிவர ஒரு வாரம் இருக்கும்போதுதான் கேட்பார்கள்; பாட்டை முழுமையாக வாசிக்கக்கூடக் கொடுக்கமாட்டார்கள். கடைசியாக வந்த தொகுதியில் வாழ்த்துரை, அணிந்துரை, மதிப்புரை என்று ஒன்பது பக்கம். படங்களை வரைந்தவர் பெயரைத் தேடினேன். பின்னட்டையிலும் இல்லை.