பானை, உதயசூரியன், ஓட்டில்லாத முகாம்: பெரம்பலூர் - அரியலூர் குறிப்புகள்

பெரம்பலூர் மாவட்டத்தில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊர்கள் எவை என்று கேட்டால் லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் என்ற இரண்டு பெயர்கள் உடனே வரும். ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர் ஆபீஸ். ஆனால் நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் லெப்பைக்குடிகாட்டுக்காரர் குன்னம் சட்டமன்றத் தொகுதி வழியாகச் சிதம்பரத்துக்கு ஓட்டுப் போடுவார். வி.களத்தூர்க்காரர் பெரம்பலூர் எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பார்.

இதில் இன்னொரு குறுக்குமறுக்கும் உண்டு. 2009க்கு முன்பு பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. ஆ.ராசா 1996, 1999, 2004 தேர்தல்களில் வென்றது அங்கேதான். மறுவரையறைக்குப் பிறகு அது பொதுத்தொகுதி ஆனது. 2009ல் நெப்போலியன் வென்றார். ஆனால் பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி இன்னும் தனித்தொகுதிதான். பக்கத்தில் அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் மூன்றும் பொதுத்தொகுதிகள். அவை அடங்கிய சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியோ தனித்தொகுதி. அதாவது பெரம்பலூர்க்காரருக்கு எம்.எல்.ஏ. தனித்தொகுதி, எம்.பி. பொது. அரியலூர்க்காரருக்கு அப்படியே தலைகீழ்.

2011 கணக்கெடுப்புப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 31 சதவீதம், அரியலூரில் சுமார் 23. இவர்களிடம் கட்சிகள் என்ன மொழியில் ஓட்டுக் கேட்கின்றன என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். அதே மக்கள், அதே கட்சிகள், ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் விதி மாறுகிறது.

எனக்குப் படுவது இதுதான். நம் கட்சிகள் சிறுபான்மையோரிடம் பேசுவது கம்மி. சிறுபான்மையோரைப் பற்றி மற்றவர்களிடம் பேசுவதுதான் ஜாஸ்தி. இதை மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று: வேட்பாளர் மாறினார், வாக்காளர் மாறவில்லை

பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியின் கடைசி மூன்று தேர்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய ஜனநாயகக் கட்சியின் நிறுவனர் பாரிவேந்தர் 2014ல் பாஜக அணியில் நின்று தோற்றார். 2019ல் திமுக அணியில் உதயசூரியன் சின்னத்தில் நின்று 4,03,518 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024ல் மறுபடி பாஜக அணி. இந்த முறை திமுகவின் அருண் நேரு 3,89,107 வித்தியாசத்தில் ஜெயித்தார்.

2019ல் திமுக அணி சிறுபான்மையினரிடம் வைத்த பிரதான கோரிக்கை மதச்சார்பின்மை. மோடி அரசைத் தடுக்க வேண்டும், அதற்கு எங்களுக்குப் போடுங்கள் என்பது. வி.களத்தூர் வாக்காளரிடமும் அதையே சொன்னார்கள். ஆனால் அதற்காக முன்னே நிறுத்திய நபர், ஐந்து வருஷம் முன்பு எதிரணியில் நின்றவர், ஐந்து வருஷம் கழித்து அங்கேயே திரும்பியவர். பாரிவேந்தர் அணி மாறியதை இங்கே நான் குறை சொல்லவில்லை. கூட்டணி அரசியலில் அது சகஜம். கேள்வி திமுகவுக்கு. "உங்களுக்குப் பாதுகாப்பு நாங்கள்" என்று ஒரு சமூகத்திடம் சொல்லும் கட்சி, அந்தப் பாதுகாப்பை யார் கையில் கொடுக்கிறோம் என்று அவர்களிடம் கேட்டதா? இரண்டு தடவையும் மூன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வரும் தொகுதியில் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எப்படியும் போடுவார்கள், வேறு எங்கே போவார்கள் என்பதுதான் கணக்கு.

எதிர்ப்பக்கமும் யோக்கியம் இல்லை. குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. பதினொரு பேர் மாற்றி ஓட்டுப் போட்டிருந்தால் மசோதா விழுந்திருக்கும். அப்போது அங்கே அதிமுகவின் பலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதிமுக ஆதரித்து ஓட்டுப் போட்டது. 2021 தேர்தல் அறிக்கையில் அதே அதிமுக, அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது, அதுவும் பாஜகவோடு கூட்டணியில் இருந்துகொண்டே. கையில் ஓட்டு இருந்தபோது செய்யாததை, அறிக்கையில் வலியுறுத்துகிறார்களாம்.

இவற்றோடு ஒப்பிட 2007ஐ வையுங்கள். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள்ளேயே முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 சதவீதம் என்று கருணாநிதி அரசு பிரித்தது. அடுத்த வருஷமே கிறிஸ்தவத் தரப்பு, இந்தக் கணக்கில் எங்களுக்கு நஷ்டம், பழையபடி பொதுவான ஒதுக்கீட்டிலேயே இருந்துகொள்கிறோம் என்று கேட்டு வெளியே வந்தது. முஸ்லிம்களுக்கான ஒதுக்கீடு நீடிக்கிறது. என் பார்வையில் தமிழ்நாட்டில் சிறுபான்மையோருக்கு வைக்கப்பட்ட வேண்டுகோள்களிலேயே நேர்மையானது இதுதான். காரணம், கொடுத்ததை எண்ணிப் பார்க்க முடிந்தது. எண்ணிப் பார்த்த ஒரு தரப்பு "வேண்டாம்" என்று திருப்பிக் கொடுக்கவும் முடிந்தது. பாதுகாப்பு என்ற வாக்குறுதியை யார் எண்ண முடியும்? யார் திருப்பிக் கொடுக்க முடியும்?

இரண்டு: பானை

சிதம்பரம் தொகுதிக்கு வருவோம். திருமாவளவனின் சொந்த ஊர் அங்கனூர், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2019ல் அவர் பானைச் சின்னத்தில் 5,00,229 ஓட்டு வாங்கி, 3,219 வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தார். 2024ல் வித்தியாசம் 1,03,554. "செல்வாக்கு பல மடங்கு பெருகியது" என்று அப்போது பலர் எழுதினார்கள். அவர் 2024ல் வாங்கிய ஓட்டைப் பாருங்கள்: 5,05,084. ஐந்து வருஷத்தில் கூடியது ஐந்தாயிரத்துக்கும் கீழே. மாறியது எதிர்ப்பக்கம். 2019ல் அதிமுக, பாமக, பாஜக ஒரே அணி, 4,97,010 ஓட்டு. 2024ல் அதிமுக தனியாக 4,01,530; பாமக இருந்த பாஜக அணி தனியாக சுமார் 1,68,000. இரண்டையும் கூட்டினால் திருமாவளவன் வாங்கியதைவிட அதிகம். ஆக, அந்த ஒரு லட்சம் வித்தியாசத்தைக் கொடுத்தது எதிரணி உடைந்ததுதான். யாருடைய மனசும் பெரிதாக மாறிவிடவில்லை.

இது ஏன் முக்கியம்? தனித்தொகுதியில் நிற்கும் எல்லா வேட்பாளரும் பட்டியல் சாதியினர். யார் ஜெயிப்பார் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மற்றவர்களின் ஓட்டு. 1932 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, இட ஒதுக்கீட்டோடு கூடிய பொது வாக்காளர் முறை வந்ததிலிருந்து இருக்கும் சிக்கல் இது. அம்பேத்கர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த குறையும் இதுதான். அதனால் பெரிய கட்சிகள் தனித்தொகுதியில் தலித் மக்களைப் பார்த்துப் பேசுவதைவிட, மற்றவர்களை உறுத்தாத வேட்பாளரைத் தேடுவதுதான் வழக்கம்.

இந்த இடத்தில்தான் பானையைச் சாதாரணச் சின்னம் என்று தள்ளிவிட முடியாது. திருமாவளவன் 2001ல் மங்களூர் சட்டமன்றத் தொகுதியில் உதயசூரியனில் நின்று ஜெயித்து, 2004ல் பதவியை விட்டவர். அடுத்த கட்சியின் சின்னத்தில் ஜெயித்தவர் சட்டப்படி அந்தக் கட்சியின் உறுப்பினர்; அவர்களின் கொறடா உத்தரவு இவரையும் கட்டும். 2019ல் அதே கட்சியின் ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்றார், சிதம்பரத்தில் மட்டும் பானை. அந்தப் பானைக்காக எடுத்த ஆபத்தின் விலை கிட்டத்தட்ட தோல்வி. 2024ல் இருவருமே பானையில் நின்று ஜெயித்தார்கள். 2025ல் கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் வந்தது.

அதே பானைக்கு ஊருக்குள் வேறு விலையும் இருந்தது. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள், அரியலூர் மாவட்டம் பொன்பரப்பி. பானையைத் தெருவில் போட்டு உடைத்ததில் தொடங்கிய தகராறு தலித் குடியிருப்பின் மீதான தாக்குதலாக முடிந்தது, வீடுகள் நொறுக்கப்பட்டன. உதயசூரியனில் ஒரு தலித் வேட்பாளர் நின்றிருந்தால் அந்தச் சின்னத்தை யாரும் உடைத்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது எல்லா சாதிக்காரர் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. "எங்களுக்காக இன்னொருவர் பேசுவார்" என்பதற்கும் "நாங்களே பேசுகிறோம்" என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பொன்பரப்பி காட்டிவிட்டது.

இங்கே விடுதலைச் சிறுத்தைகளுக்கும் ஒரு கேள்வி உண்டு. கூட்டணிக்குள் இருந்துகொண்டு எவ்வளவு தூரம் சொந்தக் குரலில் பேச முடியும்? சின்னம் சொந்தம், ஆனால் ஐந்து லட்சம் ஓட்டில் பெரும்பகுதி கூட்டணி கொண்டுவந்தது. மேலே சொன்ன எண்கள் அதையும் சேர்த்தே சொல்கின்றன.

மூன்று: ஓட்டே இல்லாதவர்கள்

பெரம்பலூர் நகரத்தை ஒட்டித் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்படி நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள். 2021 ஆகஸ்டில் திமுக அரசு இவற்றுக்கு 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. புது வீடுகள் கட்டப்பட்டன. இடிந்த கூரைக்குக் கீழே நாற்பது வருஷம் இருந்தவர்களுக்கு வீடு பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். அதற்கு முன்பு அதிமுக அரசு இரட்டைக் குடியுரிமை வாங்கித் தருவோம் என்று பேசியது.

கவனியுங்கள், முகாமில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. அப்படியானால் இந்தப் பேச்செல்லாம் யாருக்கு? முகாமுக்கு வெளியே, ஈழத்தின் மேல் உணர்வு உள்ள நமக்கு. நம் மேடைகளில் ரொம்பவும் உருக்கமான சொற்கள் கிடைப்பது, பதிலுக்கு எதுவும் செய்ய முடியாதவர்களுக்குத்தான். இதே நாட்டில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் தஞ்சம் வந்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனை விதிகளிலிருந்து விலக்கு மட்டும் கொடுத்தது. விலக்கு வேறு, குடியுரிமை வேறு.

இன்னொரு பக்கம், ஓட்டு கிடைத்துவிடுமோ என்று நாம் பயப்படுகிறவர்கள். அரியலூர் சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. இந்த மாதிரி ஆலை வேலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் பீகார், ஒடிசா என்று வடக்கிலிருந்து ஆட்கள் தமிழ்நாடு முழுக்க வருகிறார்கள். இவர்கள் இந்தியக் குடிமக்கள். 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சாதாரணமாக எங்கே வசிக்கிறார்களோ அங்கே பட்டியலில் சேரலாம். 2025 ஆகஸ்டில் ப.சிதம்பரம், தமிழ்நாட்டில் ஆறரை லட்சம் பேர் சேர்க்கப்படுவதாகச் செய்தி வருகிறது, இது ஆபத்து என்று எழுதினார். தேர்தல் ஆணையம் அந்த எண்ணையே மறுத்தது. எண்ணை விடுங்கள், அந்தப் பேச்சின் தொனியைப் பாருங்கள். அந்தத் தொழிலாளியிடம் ஓட்டுக் கேட்க ஒரு கட்சிக்கும் தோன்றவில்லை. அவரைக் காட்டி நம்மிடம் ஓட்டுக் கேட்கத்தான் தோன்றியது.

இதையே கனடாவில் வைத்துப் பாருங்கள். ஸ்கார்பரோவில் குடியேறிய நம் ஆட்களிடம் அங்குள்ள கட்சிகள் போட்டிபோட்டு வந்தன. 2011ல் ராதிகா சிற்சபைஈசன் எம்.பி. ஆனார். 2016ல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று நாடாளுமன்றம் ஏற்றது. வேட்டி கட்டிப் பொங்கல் வாழ்த்துச் சொன்ன ட்ரூடோவை நாம் ஃபார்வர்டு பண்ணிக் கொண்டாடினோம். அந்த வேட்டிக்குப் பின்னால் இருந்தது குடியுரிமை, குடியுரிமைக்குப் பின்னால் ஓட்டு. அதுவும் சுத்தமான பாசம் ஒன்றும் இல்லை, ஓட்டுக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் நம் ஆட்கள் ஒரு எண்ணாகவாவது இருந்தார்கள். துறைமங்கலத்தில் இருப்பவர்கள் அதுகூட இல்லை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி

கட்சிகளின் அக்கறை நிஜமா என்று பார்க்க முகாமிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு இங்கே பிறந்த குழந்தைகளில் ஒரு பகுதியினர் இந்த வரம்புக்குள் வருவார்கள். 1986ல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் இந்த விதியை வைத்துத்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022ல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது; பாஸ்போர்ட் கிடைத்தது; 2024 ஏப்ரலில் ஓட்டுப் போட்டார். விஷயம் அவரோடு நிற்காது. 1987க்கும் 2004 டிசம்பர் 3க்கும் நடுவில் இங்கே பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே போதும்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், டெல்லியை வலியுறுத்தவும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்க ஆள், கோர்ட்டுக்குப் போக ஒரு வக்கீல், அதற்குப் பிறகு படிவம் 6. ஒவ்வொரு பூத்துக்கும் ஆள் வைத்து, செத்தவர் பெயர் முதல் கல்யாணமாகிப் போன பெண் பெயர் வரை கணக்கு வைத்திருக்கும் கட்சிகளுக்கு இது பெரிய வேலையே இல்லை. ஆனாலும் கொட்டப்பட்டுப் பெண் தனியாகத்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த தேர்தலில் ஈழத்தைப் பற்றி யாராவது கண்கலங்கிப் பேசினால், அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: உங்கள் மாவட்ட முகாமில் 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்தவர்கள் எத்தனை பேர், பெயர் வாரியாக லிஸ்ட் இருக்கிறதா?