தெரிந்த கையும் தெரியாத கைகளும்

'அதெல்லாம் பொற்காலம்டா' என்பார் மாமா. திருத்தணி வீட்டுப் பரணில் அவர் சேர்த்துவைத்திருந்த முத்து காமிக்ஸ்களைத்தான் நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் பிறக்குமுன் வந்த பிரதிகள். ஆக, என் ஏக்கமே இரவல் ஏக்கம்.

இரும்புக்கை மாயாவி 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் பிறந்தவன். 1972இல் சிவகாசியிலிருந்து தமிழ் பேச ஆரம்பித்தான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். மூலத்தில் அவன் முதலில் குற்றவாளி, பிறகுதான் உளவாளி. நம் நினைவிலோ நாயகன் மட்டும்தான் மிஞ்சுகிறான்.

மறந்தது இவ்வளவுதானா? அதே சிவகாசி வட்டாரத்தில், மாயாவி படித்த பிள்ளைகளின் வயதுப் பிள்ளைகள் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்தார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வேலைகளில் குழந்தைகளைத் தடைசெய்தது. குடும்பத்தோடு செய்யும் வேலைக்கோ விலக்களித்தது. வேலை வீட்டுக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாது. மாயாவிக்கு உடல் மறைந்து கை தெரிந்தது. இங்கே சரக்கு தெரிந்தது, கைகள் மறைந்தன.

காமிக்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல என் நோக்கம். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் மறுபதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு 'நம் பால்யம்' என்று உருகுகிறோமே, அந்த 'நம்'மில் யார் யார் உண்டு? பொது அனுபவம் என்ற கதையாடல் இப்படித்தான் கட்டப்படுகிறது.

மாமாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: 'கரண்ட் போன ராத்திரியில விளக்கேத்தி வெச்சுதான் மாயாவி படிப்போம். தீப்பெட்டியும் சிவகாசிதான்டா.'