தாலாட்டும் கார்

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2021-ல் வந்த எக்ஸ்யுவி 700 இங்கே உருவானதுதான். அதன் உயர் ரகங்களில் ‘அடாஸ்’ என்றொரு சமாச்சாரம். முன்னால் போகிற வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கோட்டைத் தாண்டப் போனால் ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பும். டிரைவர் சொக்கினால் எச்சரிக்கும். இன்று பல கம்பெனிக் கார்களிலும் இது உண்டு.

முதல் இரண்டும் சேர்ந்து மூன்றாவதன் காலை வாருகின்றன என்பதுதான் என் புகார்.

சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது மனுஷனுக்கு ஆகாத வேலை. 1948-ல் நார்மன் மேக்வொர்த் வெளியிட்ட சோதனை பிரசித்தம். சுற்றும் முள்ளை இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். எப்போதாவது அது இரட்டைத் தாவல் தாவும், அதைப் பிடிக்க வேண்டும். அரை மணியிலேயே ஆட்கள் கோட்டைவிட ஆரம்பித்தார்கள்.

தூக்கத்தைக் கண்டுபிடிக்க மலிவான வழி, ஸ்டீயரிங்கைக் கவனிப்பது. சொக்குகிறவர் கொஞ்ச நேரம் அசைக்க மாட்டார், பிறகு வெடுக்கென்று திருப்புவார். சரி, அந்தத் திருத்தத்தை இயந்திரமே செய்துவிட்டால் எதைக் கவனிப்பதாம்? முகம் பார்க்கும் கேமராதான் கதி. அதுவும் முழு ஜாமீன் இல்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில், கண்ணைக் கண்காணிக்கும் கேமரா உள்ள ஃபோர்டு கார், கையை எடுத்துவிட்டு ஓட்டும் வசதி இயங்கும்போதே, நெடுஞ்சாலையில் நின்ற காரில் மோதி உயிர்ப்பலி ஆனது.

மாமல்லபுரம் போகிற ஈ.சி.ஆரில் பைக்கும் மாடும் குறுக்கே வந்து நம்மை எழுப்பிவிடும். கோடு பளிச்சென்று இருக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில், பரனூர் டோல்கேட் தாண்டி, விடிகாலை மூன்று மணிக்குத்தான் இயந்திரம் ஜோராக வேலை செய்யும். தூக்கமும் அப்போதுதான் வரும்.

அந்த நேரத்தில் ஸ்டீயரிங் பிடிப்பவர் பெரும்பாலும் ஓர் ஆக்டிங் டிரைவர். மணி அடிக்கிறது. பின் சீட்டிலிருந்து “இன்னும் கொஞ்சம்தாம்ப்பா, போயிடலாம்” என்கிறார் முதலாளி. 2025 வரை அமலில் இருந்த 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. ஐந்து பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு. இவர் எந்தக் கணக்கில் வருவார்? பி.காம். படித்த எனக்கே இந்தப் பற்று வரவு நேராகவில்லை.

பஸ், லாரிகளுக்குத் தூக்க எச்சரிக்கையைக் கட்டாயமாக்க 2025 மார்ச்சில் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. வரட்டும். மணி அடித்ததும் ஓரங்கட்டித் தூங்கிய டிரைவரின் பேட்டாவைப் பிடிக்கக் கூடாது என்று ஒரு வரியும் எங்கேயாவது சேர்த்துக்கொள்ளலாம்.