மும்மூர்த்திகளை மறுபடி வாசிக்கும்போது

நம் காமிக்ஸ் வாசகர் வட்டத்தின் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. முத்து காமிக்ஸின் முதல் இதழைக் கடையில் வாங்கிய மூத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போது நான் எழுதுவதை அவர்கள் பொறுத்தருள வேண்டும். முத்து, லயன், ராணி ஆகிய காமிக்ஸ் இதழ்களின் வரலாறு உறுப்பினர்களுக்கு மனப்பாடம். அதனால் அதை விட்டுவிட்டு, அரைக்கால் சட்டையில் படித்ததைத் தலை நரைத்த பிறகு எடுத்துப் படித்தால் எது தாக்குப்பிடிக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ராணி காமிக்ஸ் மரபினர் வேகத்தின் பிள்ளைகள். ஜேம்ஸ் பாண்டை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த இதழுக்குக் கடை வாசலில் நிற்பார்கள். இன்று புரட்டினால் அழகிகளின் தோளிலும் முதுகிலும் மசியால் போர்த்திய ஆடைதான் முதலில் கண்ணில் படுகிறது. லயன் மரபு வேறு. 1984 ஜூலையில் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு தொடங்கி, ஸ்பைடர், ஆர்ச்சி வழியாக டெக்ஸுக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். டெக்ஸ் கதையில் அவருடைய மூத்த தோழர் வெள்ளிமுடியாரின் புலம்பலைச் சிறுவயதில் தாண்டிப் போனோம். இப்போது அதற்காகவே படிக்கலாம். மூட்டுவலியும் பசியும் நமக்கும் வந்துவிட்டன அல்லவா!

நான் முத்து மரபு. அதை எனக்குக் கொடுத்தவர் எங்கள் ஊர் வாடகை நூல் நிலைய அண்ணாச்சி. புத்தகத்தைக் கையில் தரும்போதே, “மொதல்ல எழுத்தைப் படிக்காதே, படத்தை மட்டும் பாத்துட்டு வந்து கதையைச் சொல்லு” என்பார். சொல்லத் தெரியாவிட்டால் அந்த இதழ் அன்றைக்குக் கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, வில்லன் முகத்தை ஓவியன் ஏன் பாதி இருட்டில் விட்டிருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஓவியக் கல்லூரி எதிலும் படித்தவரல்லர். ஆனால் ‘இரும்புக்கை மாயாவி’யை வரைந்த பிளாஸ்கோவின் தூரிகைக்கு அவரைவிட நல்ல உரையாசிரியரை நான் பார்த்ததில்லை. திருப்பிக் கொடுத்த இதழையே மறுவாரம் கேட்டால் பாதி வாடகைதான் வாங்குவார். “ரெண்டாந்தரம் படிக்கிறவன்தான் வாசகன்” என்பது அவர் கட்சி. நம் வட்டத்தில் அவரிடம் பயின்றவர்கள் இன்னும் சிலர் உண்டு.

அந்தக் கண்ணோடுதான் ‘இரும்புக்கை மாயாவி’யைத் திரும்பப் படித்தேன். 1962-இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர். பத்தாண்டு கழித்து 1972-இல் சிவகாசியில் முத்துவின் முதல் இதழாக நம் கைக்கு வந்தது. சிறுவயதில் நமக்கு மாயாவி என்றால் வீரன். இப்போது படித்தால், வலது கையை இழந்த ஓர் ஆய்வுக்கூட உதவியாளன், விபத்தில் மின்சாரம் பாய்ந்து புத்தி தடுமாறிக் குற்றத்தில் இறங்குகிற கதை அது. நிழற்படை என்ற உளவு அமைப்பும் நாட்டுக்கான சாகசங்களும் பிறகு வந்தவை. எஃகு விரலை மின்சாரத்தில் கொடுக்கிறான், உடல் மறைகிறது, கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் கட்டத்தில் பிளாஸ்கோ சுற்றிலும் கறுப்பை அப்பி, கையின் மேல் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம் விடுகிறார். பத்து வயதில் அது வித்தையாகத் தெரிந்தது. இப்போது, நேரம் போனால் மறைவு கலைந்துவிடும் என்று அடுத்த மின் இணைப்பைத் தேடி ஓடுகிறவனின் பதற்றம் தெரிகிறது. ஸ்பைடரும் இதே போலக் குற்றச் சக்கரவர்த்தியாக வந்து பிறகு திருந்தியவன்தான். நம் தலைமுறையின் இரண்டு பெரிய நாயகர்களும் வில்லன்களாகத் தொடங்கியதை மறுவாசிப்பில்தான் முழுசாக உணர முடிந்தது.

மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ என்ற முத்துவின் மும்மூர்த்திகளில் லாரன்ஸ்-டேவிட் ஜோடியின் ‘ப்ளைட் 731’ இன்றும் நிற்கிறது. ஜானி நீரோ கொஞ்சம் வெளிறித்தான் விட்டார். அவருடைய காரியதரிசி ஸ்டெல்லா இல்லாவிட்டால் பல பக்கங்கள் நகரா. மூத்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

இனி ஒரு மனக்குறை. யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை; இன்றைய சேகரிப்பாளர்களில் பலர் உழைப்பாளிகள், அவர்கள் இல்லாவிட்டால் பல இதழ்கள் பழைய பேப்பர் கடையோடு போயிருக்கும். இருந்தாலும் நம் சந்திப்புகளில் இப்போது பேச்சு எதைப் பற்றி? தாளின் கனம், அட்டையின் மினுமினுப்பு, எந்த இதழ் எந்த விலைக்குப் போனது. பழைய முத்து ஒன்று கிடைத்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு, படம் எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். கதை என்ன என்று கேட்டால், பிரித்தால் முள் கழன்றுவிடும் என்று பதில் வருகிறது. முள் கழன்றால் தைத்துக்கொள்ளலாம். எங்கள் அண்ணாச்சி கோணி ஊசியால் தைத்த இதழ்கள் நூறு கை மாறின. படிக்காத காமிக்ஸ் வெறும் அச்சடித்த தாள். இது சேகரிப்போடு நிற்கிற விஷயமாகவும் தெரியவில்லை. படத்தைப் பார்க்கத் தெரியாதவன் மொழிபெயர்ப்பின் நயத்தை எப்படிக் கேட்பான்? நயம் கேட்கிறவன் இல்லாவிட்டால் எந்த ஆசிரியர் வசனத்தில் மெனக்கெடுவார்? சிவகாசியில் இத்தனை ஆண்டுகள் பட்ட பாடு, 2012-இல் லயனும் முத்துவும் மீண்டெழுந்து வந்த அந்த வைராக்கியம், எல்லாம் பூட்டிய பீரோவுக்குத்தானா? பிள்ளைகள் காமிக்ஸ் பக்கம் வருவதில்லை என்று நாமே வருந்துகிறோம். தொடக்கூடாது என்று சொல்லி அவர்களை விரட்டியதும் நாம்தான். ஒரு மொழியில் படக்கதை வாசிப்பு அழிகிறது என்றால் இப்படித்தான் அழியும்.

செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. அடுத்த ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வரும் ஒவ்வோர் உறுப்பினரும் தாம் மறுபடி படித்த பழைய இதழ் ஒன்றை உறையில்லாமல் கொண்டுவர வேண்டும். அதை அங்கேயே ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ படிக்கக் கொடுக்க வேண்டும். இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள்.